இரண்டரை நிமிடச் சோகம்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை. குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு தாளை நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒன்று உண்டு. அதன்மேல்தான் நான் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். நன்றி, இந்தத் தாள் போதும். இனி நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் அவசரப்படுத்தவில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் நான் இந்த போலீஸ் ஸ்டேஷனுக்குள் வந்து "எங்கப்பா சாவு பத்தி ஒரு விஷயம் சொல்லணும்" என்றதும் முதலில் டீ வரவழைத்தீர்கள். எதிரில் இருப்பவரைப் பதற விடக் கூடாது என்பதுதான் என் தொழிலிலும் முதல் பாடம். தட்டச்சு செய்கிற அம்மாவும் கெட்டிக்காரர். நடுநடுவே நிமிர்ந்து என்னைப் பார்க்காமல் இருந்தால் இன்னும் வேகமாக அடிப்பார்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பராமரிக்கிற நிறுவனத்தில் புகார் மேசை. லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்துவீர்கள் அல்லவா, அப்போது கேட்கிற குரல் என்னுடையது. உள்ளே இருப்பவரிடம் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். உட்காரச் சொல்ல வேண்டும். ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். பிறகு அவருக்குப் பிடித்த எதையாவது பேச வைக்க வேண்டும். இந்த ஒன்பது வருடத்தில் என்னோடு பேசிய யாரும் கதவை உதைத்ததில்லை. ஒருவர் பேசிக்கொண்டே தூங்கிவிட்டார். மீட்கப் போனவர்கள் எழுப்ப வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல்கள் காதில் இருக்கும். தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை அது. ஆனால் அதைச் சொல்ல நான் வரவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா முப்பத்து மூன்று வருடம் பஸ் ஓட்டினார். அம்மா, எனக்குப் பதினாலும் தங்கைக்கு நாலும் வயதாக இருக்கும்போது இறந்துவிட்டாள். தங்கைக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. எதையாவது பேசத் தொடங்கும் முன் வாயை மூடிக்கொண்டு ஒரு 'ம்ம்ம்' என்று முனகுவாள். வர வரச் சத்தம் கூடும், அப்புறம்தான் பேச்சு வரும். தண்ணீர் கொதிக்கிற சத்தம் மாதிரி இருக்கிறதென்று அப்பா அவளுக்குக் கெட்டில் என்று பெயர் வைத்தார். அவளுக்குப் பல் தேய்த்துவிடுவதும் தலை வாரிவிடுவதும் பள்ளிக்கூடப் படிவங்களை நிரப்புவதும் என் பொறுப்பு. அந்தப் பழக்கம் பிறகும் விடவில்லை. அவள் சம்பந்தப்பட்ட எந்தப் படிவத்தை எடுத்தாலும் அதில் இருப்பது என் கையெழுத்துதான்.

பதினாறு வயதில் ஒரு டிவி பாட்டுப் போட்டிக்குப் போனாள். மற்றவர்கள் ஊரறிந்த பாட்டைப் பாட, இவள் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிட்டாரோடு பாடினாள். நடுவர்களுக்குப் பிடித்திருந்தது. அடுத்த சுற்றுக்கு முன்னால் ஒரு பெண் கையில் அட்டையோடு வந்து எங்களை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். போட்டியாளர்களின் கதையைச் சேகரிப்பது அவர் வேலை. எல்லோரும் கதை அக்கா என்று கூப்பிட்டார்கள். பாட்டுக்கு முன்னால் இரண்டரை நிமிடம் ஒரு படம் காட்டுவார்கள், அதற்கான கதை.

"வீட்டுல என்ன கஷ்டம் சார்?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்றேன்.

"பரவாயில்ல, பதறாம யோசிச்சுச் சொல்லுங்க."

அம்மா இல்லை என்று சொன்னேன். அவர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "இந்த சீசன்ல அம்மா இல்லாதவங்க ஏற்கெனவே நாலு பேர் சார். அதுல ஒருத்தருக்கு அப்பாவும் இல்ல."

அப்பா பக்கத்திலேயே இருந்தார். உதவி செய்யும் நோக்கத்தோடு, "எனக்கு மூட்டு வலி இருக்கும்மா, எழுதிக்க" என்றார். கதை அக்கா மரியாதைக்கு எழுதிக்கொண்டார். படத்தில் அது வரவில்லை. படத்தில் வந்ததெல்லாம் தங்கை படியிறங்குவதும் அப்பா ரொட்டி தின்பதும்தான். இரண்டரை நிமிடத்துக்கு எத்தனை ரொட்டி என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சுற்றில் வெளியே வந்துவிட்டாள். ஜெயித்தவருக்கு வீடு எரிந்துபோயிருந்தது. பாட்டு சுமார், வீடு நன்றாக எரிந்திருந்தது.

திரும்பி வரும்போது அவளும் அப்பாவும் பஸ்ஸின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்த ரொட்டிப் படத்தை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு திறமையுள்ள ஒரு பெண் இவ்வளவு லேசாகத் தோற்கலாமா என்று எனக்கு இருந்தது.

அடுத்த வருடம் எங்கள் பூனை பால் வண்டியில் அடிபட்டுச் செத்தது. அதன் பெயர் டயர். அப்பா வைத்தது. நான் ஒன்றும் செய்யவில்லை; அதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள், டயர் தானாகப் போனது. பதினோராம் நாள் தங்கை எங்களை உட்காரவைத்து ஒரு பாட்டுப் பாடினாள். பூனை வருமென்று பாதி திறந்தே வைத்த ஜன்னலைப் பற்றியது. அப்பா மூக்கைச் சிந்தினார். நான் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டேன். ஒரு வாரத்தில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். கதை அக்கா அதற்குள் இன்னும் பெரிய டிவிக்கு மாறியிருந்தார். அவரே போன் செய்தார். "பூனை இந்த சீசன்ல யாருக்கும் இல்ல சார்" என்றார்.

அந்தப் போட்டியில் இரண்டாம் இடம்.

நான் புகார் மேசைக்காரன். ஒன்று நடந்தால் எதனால் என்று தேடிப் பார்ப்பது என் வேலை. பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். ஒன்பது வயதில் பள்ளி மாறினாள். உயிர்த்தோழியை விட்டுப் பிரிந்தாள். கொஞ்ச நாளில் அவள் எங்களுக்குப் பாடிக்காட்டிய முதல் பாட்டு. பதிமூன்றில் அப்பாவுக்கு விபத்து, ஒரு மாதம் ஆஸ்பத்திரி. அவர் வீட்டுக்கு வந்த வாரம் இரண்டாவது பாட்டு. சந்தோஷமாக இருந்த காலத்திலெல்லாம் சாப்பிட்டாள், தூங்கினாள், சிரித்தாள். பாட்டு ஒன்றும் என் காதுக்கு வரவில்லை. யாருக்கும் புரிகிற கணக்குத்தான்.

பழுதாகட்டும் என்று காத்திருந்தால் அது பழுதுபார்ப்பு. முன்கூட்டியே போய்ச் செய்தால் அதற்குப் பெயர் பராமரிப்பு. நான் செய்தது இரண்டாவது.

டயருக்குப் பிறகு ஒரு பூனைக்குட்டி வந்திருந்தது, பெயர் பிரேக். நாடளாவிய போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தேன். புதுப் பாட்டு வேண்டும். பிரேக்கை ஒரு கூடையில் வைத்து நகரத்தின் அடுத்த கோடியில் ஒரு தம்பதியிடம் கொடுத்தேன். கண்ட இடத்தில் விடவில்லை. நாலு வீடு பார்த்தேன், பால்கனி உள்ள வீடாகத் தேர்ந்தெடுத்தேன், மீன் வாங்குவார்களா என்றுகூடக் கேட்டேன். தங்கையிடம் கதவு திறந்திருந்ததாகச் சொன்னேன். அவள் 'காணவில்லை' என்று படம் போட்டு அச்சடித்து விளக்குக் கம்பம் கம்பமாக ஒட்டினாள். கூடப் போய் ஒட்டியது நான்தான். மழைக்கு உரியக் கூடாது என்று பசையை இரண்டு பூச்சு பூசினேன். பன்னிரண்டாம் நாள் பாட்டு வந்தது. முதல் சுற்றில் தேறினாள்.

அதற்கப்புறம் கண்ணாடிக்காரர் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றப்போன இடத்தில் பழக்கம். நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். அப்பாவோடு உட்கார்ந்து பழைய பஸ்களின் எஞ்சின் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டுவார். எந்த வண்டி என்று அப்பா சொல்வார். தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். நாலு மாதம் இப்படியே போயிற்று. இறுதிச் சுற்று நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் கேட்டேன்.

"பாட்டு ஏதாவது இருக்கா கெட்டில்?"

"காட்ட ஒண்ணும் இல்லண்ணா" என்றாள். முகத்தில் கவலை இல்லை. அதுதான் கவலை.

அவர் கடைக்குப் போனேன். சும்மா போய்ப் பேசினால் சந்தேகம் வரும் என்று கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தேன். வில்லை மாட்டுகிற இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் என் முகம் இருந்தது. சொல்வதும் எளிதாக இருந்தது. அவளுக்கு இதில் மனம் இல்லை, நேரில் சொல்லத் தைரியம் இல்லை, அழுகிறாள், உங்களுக்கு அவள்மேல் அக்கறை இருந்தால் ஒன்றும் கேட்காமல் விலகிவிடுங்கள் என்றேன்.

அவர் வில்லை மாற்றுகிற கையை நிறுத்தினார். "அவளே சொன்னாளா?"

"சொல்ல முடியாமத்தானே என்னை அனுப்பியிருக்கா."

அடுத்த வில்லையை எடுத்துச் சட்டத்தில் போட்டார். பிறகு, "கடைசி வரி தெரியுதா, படிங்க" என்றார். படித்தேன். இடது கண்ணில் அரைப் புள்ளி குறை. அந்த நிலைமையிலும் கண்ணாடியைச் சரியாகவே போட்டுக் கொடுத்தார், இதோ, போட்டிருக்கிறேன். நல்லவர்களை அனுப்பிவைப்பது சுலபம். அவர்கள் திரும்பிக் கேட்க மாட்டார்கள். அன்று மாலை தங்கையின் போனில் அவருடைய எண் வராதபடி தடுத்துவைத்தேன். அவள் மூன்று வாரம் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒருநாள் கிட்டாரை எடுத்தாள். அந்தப் பாட்டுக்குத்தான் நாட்டின் முதல் பரிசு. நீங்களும் கேட்டிருப்பீர்கள். கல்யாண வீடுகளில்கூடப் போடுகிறார்கள். ஏனென்று எனக்குப் புரிவதில்லை.

இப்படியாக இருபத்தாறு நாடுகள் கலந்துகொள்கிற போட்டிக்கு அழைப்பு வந்தது. விதிமுறை நாற்பது பக்கம். முழுக்கப் படித்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். சொந்த வரிகள், சொந்த மெட்டு, இதற்கு முன் எந்த மேடையிலும் பாடாத பாட்டு. அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வரிசையில் அடுத்து இருப்பவருக்கு இடம் போய்விடும். அரையிறுதியில் தேறினால் இறுதிக்கு இன்னொரு புதுப் பாட்டு.

தங்கை ஒன்றும் தரவில்லை. கேட்கும்போதெல்லாம் "இருண்ணா, பார்க்கலாம்" என்பாள். கண்ணாடிக்காரரை மறந்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் தேறிவிட்டாள். அவளும் அப்பாவும் சமையலறையில் உட்கார்ந்து எதையோ பேசிச் சிரிப்பார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். எனக்கோ காலையில் ஆறு மணிக்கு வேலை, சாயங்காலம் வந்தால் இவளுடைய கடிதங்கள், விண்ணப்பங்கள், அளவு சரியில்லை என்று திரும்பி வருகிற புகைப்படங்கள். ஒரு மனிதன் எவ்வளவுதான் இழுப்பது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள், என்னைத் தவிர.

பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு நாற்பது. வேலை நேரத்தில் எங்கள் சொந்தப் போன்கள் பெட்டியில் இருக்கும். அதனால் அப்பா மேசை எண்ணுக்கே கூப்பிட்டார். தங்கை ஒத்திகை அரங்கில் இருந்தாள், அவள் போன் எடுக்கவில்லையாம்.

"டேய், நெஞ்சுல என்னவோ பண்ணுது. இடது கை ஒரு மாதிரி இழுக்குது."

"உட்கார்ந்துக்கோங்கப்பா. இப்பவே ஆள் அனுப்புறேன்."

இந்த இடத்தில் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். போனை எடுக்கும்போது என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. வார்த்தைகள் பழக்கத்தில் வந்தன. என் கை ஆம்புலன்ஸ் எண்ணைத் தேடிக்கூடப் போயிற்று. மேசையில் நாட்காட்டி இருந்தது. பன்னிரண்டிலிருந்து இருபத்தெட்டுக்குப் பதினாறு நாள். அவளுக்குத் தேவை பதினொன்று. பாட்டைப் பதிவுசெய்து அனுப்ப மூன்று. இரண்டு நாள் மிச்சம். இந்தக் கூட்டல் கழித்தலை நான் போடவில்லை. அது தானாகவே போட்டுக்கொண்டது. கை திரும்பி வந்துவிட்டது.

பிறகு அப்பாவைப் பேச வைத்தேன். அவர் ஓட்டிய பழைய வழித்தடத்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். மொத்தம் இருபத்திரண்டு. அவருக்கு அது பிடிக்கும். சொல்லிக்கொண்டே வந்தார், ஒவ்வொன்றிலும் யார் ஏறுவார், யார் சில்லறை தர மாட்டார் என்றெல்லாம். பதினோராவது நிறுத்தத்தில் நிறுத்தி, "வண்டி வருதா?" என்று கேட்டார்.

"வந்துட்டே இருக்குப்பா. சிக்னல்ல நிக்குது."

"எந்த சிக்னல்?"

பஸ் ஓட்டியவர் அல்லவா, கேட்கத்தான் செய்வார். தபால் அலுவலகச் சிக்னல் என்றேன்.

"அது ரொம்ப நேரம் பிடிக்கும்டா" என்றார். டிரைவர்மேல் தப்பில்லை என்கிற மாதிரி.

நடுவில் இன்னொரு அழைப்பு வந்தது. ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் இரண்டு பெண்கள், ஒருவர் நிறைமாதம். அப்பாவை நாற்பது விநாடி காத்திருக்க வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த எங்கள் ஆட்களை அனுப்பினேன். ஒன்பதே நிமிடத்தில் அவர்களை வெளியே எடுத்துவிட்டார்கள். இதைச் சொல்வது, அன்று நான் நிதானத்தில்தான் இருந்தேன் என்பதற்காக. அப்பாவிடம் திரும்பி வந்தபோது அவர் பதினாலாவது நிறுத்தத்திலிருந்து தொடர்ந்தார். பதினேழு வரை வந்தார்.

மொத்தம் பத்தொன்பது நிமிடம். பதிவு இருக்கிறது, எங்கள் அலுவலகத்தில் எல்லா அழைப்பும் தரப் பரிசோதனைக்காகப் பதிவாகும். அந்த மாதப் பரிசோதனைக்கு எடுத்த அழைப்புகளில் இதுவும் ஒன்று. பரிசோதகர் புதியவர், அழைத்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. பத்துக்கு எட்டு போட்டிருந்தார். 'குரலில் பதற்றம் இல்லை. அழைத்தவரை இறுதிவரை பேச்சில் ஈடுபடுத்தியுள்ளார். ஆள் அனுப்பிய விவரம் மட்டும் பதிவேட்டில் விடுபட்டுள்ளது, இனி கவனிக்கவும்.' அந்தத் தாளை உங்களுக்காகக் கொண்டுவந்திருக்கிறேன். உறையில் இருக்கிறது.

டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். உண்மையும் அதுதான். தங்கையை நான்தான் ஒத்திகை அரங்கிலிருந்து அழைத்துவந்தேன். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அது நடிப்பில்லை. என் அப்பாவும்தானே.

இருபத்தொன்றாம் தேதி காலை அவள் என் அறை வாசலில் வந்து நின்று, "இதை அனுப்பிடுண்ணா" என்று ஒரு பாட்டைக் கொடுத்தாள். அப்பா பஸ் ஓட்ட, சின்னப் பெண் பின்னால் உட்கார்ந்து, டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு வருகிற பாட்டு. நான் எதிர்பார்த்தது பதினோரு நாள்; வந்தது ஒன்பதில். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு அது வேகமாகத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிநாட்டுக்குப் போனோம். அங்கேயும் கையில் அட்டையோடு ஒரு பெண் வந்தார். மொழி வேறு, கேள்வி அதேதான். மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னேன். எப்போது இறந்தார் என்று கேட்டார். ஏழு வாரம் என்றதும் பேனாவை அழுத்தி எழுதினார். அங்கேயும் இரண்டரை நிமிடம்தான். உலகம் முழுக்க அதுதான் அளவு போலிருக்கிறது. அரையிறுதியில் இருபத்தாறு பேரில் இவள் முதலாவதாகத் தேறினாள்.

இறுதிக்கு ஒரு மாதம் இருந்தது, ஊருக்கு வந்துவிட்டோம். புதுப் பாட்டைக் கேட்டேன். அவள் கிட்டாரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"இனிமே எங்கிட்ட ஒண்ணும் இல்லண்ணா. இருந்ததெல்லாம் முடிஞ்சுபோச்சு."

பத்து நாள் பார்த்தேன். சாப்பிடுகிறாள், படுக்கிறாள், சுவரைப் பார்க்கிறாள். வருத்தம் இருக்கிறது, ஆனால் பழைய வருத்தம். அதிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்று. புதிதாக ஏதாவது வேண்டும். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பூனை இல்லை. கண்ணாடிக்காரர் இல்லை. அப்பா இல்லை. மிச்சம் இருந்தது நான் மட்டும்தான்.

செத்துப்போகலாமா என்றும் யோசித்தேன், பொய் சொல்வானேன். ஆனால் அப்பா போய் இவ்வளவு சீக்கிரம் அண்ணனும் போனால் அட்டைக்காரப் பெண் 'ஏற்கெனவே வந்ததுதானே' என்பார். இறுதிச் சுற்றின் படிவங்களில் கையெழுத்துப் போடவும் ஆள் வேண்டும். அதை நேற்றே போட்டு அனுப்பிவிட்டேன். பிறகுதான் இது தோன்றியது. சாகத் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் போதும். ஓர் அண்ணனை இழப்பதைவிட, அவன் யாரென்று தெரிந்துகொள்வது பெரிது.

ஆகவே நான் வந்தது மனசாட்சி உறுத்தி அல்ல. அப்படி எழுதிவிடாதீர்கள், நன்றாக இருக்காது. கடைசித் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அவளுக்கு இன்றே தெரிந்தால் நேரம் சரியாக இருக்கும். நான் கேட்பது இந்த ஓர் உதவிதான்.

அவளைக் கூப்பிட்டு, காலையில் நான் சொன்னதைச் சொல்லிவிட்டீர்களா? எத்தனை மணிக்கு? மதியம் ஒன்றரை. நல்லது. வெளி அறையில் உட்கார்ந்திருக்கிறாளா. அழுதாளா? சரி, சொல்ல வேண்டாம். பேனா, தாள் ஏதாவது கேட்டாளா?

இது அவளுடைய போன். எதற்கு இது? அதில் ஒரு பதிவா? போடுங்கள், கேட்கிறேன்.

இன்னொரு முறை போட முடியுமா?

புரிகிறது. தேதியும் தெரிகிறது. நாலாம் தேதி, அப்பா இறப்பதற்கு எட்டு நாள் முன்னால். பஸ் பாட்டேதான். முழுப் பாட்டும் இருக்கிறது. நடுவில் கேட்கிறது அப்பாவின் குரல். உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். "கெட்டில், அந்த வளைவுல வேகத்தைக் குறை. மெதுவாத் திருப்பு" என்கிறார். அவள் சிரித்துக்கொண்டே திரும்பப் பாடுகிறாள். பிறகு சொல்கிறாளே, "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்கப்பா. உடனே ஃபார்ம் நிரப்பிடுவான். இருபதாம் தேதி உங்க பொறந்தநாளுக்கு முதல்ல நம்ம வீட்டுல பாடறேன். மறுநாள் போட்டிக்கு அனுப்பிக்கலாம்." அதற்கு அப்பா, "அவன் பாவம்டி, தூக்கமில்லாம அலையறான். சீக்கிரம் சொல்லிடு" என்கிறார்.

ஆமாம். இருபத்தெட்டுக்குள் எப்படியும் வந்திருக்கும்.

மற்றப் பாட்டுகளும் போனில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். ஜன்னல் பாட்டை அவள் பாடும்போது பின்னால் டயரே கத்துகிறதாமே. கண்ணாடிக்காரர் பாட்டில் அவரே தாளம் தட்டுகிறாராம். அவள் உங்களிடம் சொன்னதை இந்த அம்மா அடித்துவைத்திருக்கிறார், இங்கிருந்தே தெரிகிறது: 'கூட இருக்கும்போதுதான் எனக்கு எழுத வரும். போனப்புறம் அதை எடுத்துப் பாடத்தான் முடியும்.' அவள் அப்படி நினைக்கிறாள். இருக்கட்டும், சின்னப் பெண்.

ஆனால் நீங்கள் விசாரணை செய்பவர், கடைசி வரியைக் கவனித்துக் கேட்க வேண்டும். பதிவில் அவள் 'அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறேன், அப்பா' என்று பாடுகிறாள். அரையிறுதி மேடையில் 'இறங்கிக்கொள்கிறேன்' வரைதான் பாடினாள். கடைசிச் சொல் வரவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கிட்டார் மட்டும் அந்த இடத்தைக் கடந்து போயிற்று. நாலாயிரம் பேர் இருந்த அரங்கத்தில் ஓர் இருமல்கூட இல்லை. தலை நரைத்த ஒரு நடுவர், இத்தனை வருடத்தில் தான் கேட்டதிலேயே சிறந்தது அவள் பாடாமல் விட்ட அந்த ஒரு சொல்தான் என்றார். முழு மதிப்பெண்ணும் அதற்குத்தான் கிடைத்தது.

இந்தப் பதிவில் அந்த மௌனம் இல்லை. வேண்டுமானால் மறுபடி போட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் அவள் எழுதியதாகவே இருக்கட்டும். அந்த இடத்தை எழுதியது நான். அதை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.